எட்டு முள்

மனித இனம் மீன் பிடிக்கத் தொடங்கிய நாளிலிருந்து செய்துவரும் தவறை தான் இன்று மதியம் செமோர் குட்டையில் திருத்தப்போவதாக ராட்னி அறிவித்தான்.

ஓரிடத்தில் உட்கார்ந்து ஒரே தூண்டிலைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் அந்தத் தவறு.

"மீன் வர்றதுக்கு நாம காத்திருக்கக் கூடாது அத்தான். நாமதான் அதோட வீட்டுக்குப் போகணும். மெதுவா. எட்டுத் தட்டுல சாப்பாட்டோட."

அத்தான் மரியஜோசப், ராட்னியின் அக்கா டோரிஸின் கணவர். படகு அவருடையது. அக்காவுக்கு இது ஏழாம் மாதம். சட்டியில் அடங்குகிற சின்னத் திலாப்பியாவைப் பொரித்துத் தின்ன வேண்டும் என்று ஒரு வாரமாகக் கேட்கிறாள். மார்க்கெட் மீன் வேண்டாமாம். குட்டை மீன்தான் வேண்டுமாம்.

சிலிபின் வீட்டிலிருந்து கிளம்பும்போதே வாசலில் நின்று கணவரிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். தூண்டில் முள்ளைத் தொடக் கூடாது. முடிச்சுப் போடக் கூடாது. மோட்டார் மட்டும்தான்.

பந்தாங். மலாய்க்காரர்கள் சொல்லும் விலக்கு. மனைவி வயிற்றில் பிள்ளை இருக்கும்போது கணவன் மீன் வாயில் முள் ஏற்றினால் பிள்ளை உதடு பிளந்து பிறக்கும்; முடிச்சுப் போட்டால் பிரசவம் சிக்கும். பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா சொன்னது. எஸ்டேட்டில் எல்லாரும் சொன்னது. பைபிளில் மட்டும்தான் இல்லை என்று ராட்னி வரும் வழியெல்லாம் சுட்டிக்காட்டினான்.

செமோர் குட்டை, ஈயம் எடுத்துவிட்டுக் கைவிட்ட பள்ளம். கரையிலிருந்து இரண்டு எட்டு வைத்தால் ஆழம். ஒரு பக்கம், ரப்பர் இருந்த இடத்தில் செம்பனை. மறுபக்கம் சுண்ணாம்பு மலை. மலைக்கு மேல் மழை கறுத்து நின்றது. இறங்கவில்லை.

ஒரு பறவைகூட இல்லை.

படகின் மூக்கில் குறுக்காக ஒரு பலகை. அதில் அறுத்த பிளாஸ்டிக் குழாய்கள். விசிறி விரித்ததுபோல் எட்டுத் தூண்டில்களையும் சொருகினான். தூண்டில் நரம்பு ஒன்றோடொன்று சிக்காமலிருக்க, நீளமானவை ஓரத்தில், குட்டையானவை நடுவில். ஒவ்வொரு நரம்பிலும் ஒரு ஈயக்குண்டு, அதற்குக் கீழே முள், முள்ளில் நெளியும் மண்புழு.

முடிச்சு எல்லாம் அவனே போட்டான். மரியஜோசப் படகுக் கயிற்றைக்கூட முடிச்சுப் போடாமல் வெறுமனே சுற்றித்தான் வைத்திருந்தார்.

"மாசமா இருக்கிறது அக்காவா, நீங்களா அத்தான்?"

அவர் சிரிக்கவில்லை. பேட்டரி மோட்டாரை நடக்கிற வேகத்துக்கும் கீழே வைத்தார். நரம்புகள் லேசாகப் பின்னால் சாய்ந்தன. அதுதான் சரியான வேகம். அதற்குமேல் சாய்ந்தால் மீன் சந்தேகப்படும்.

தண்ணீர் கலங்கவே இல்லை. படகு போவது கரையைப் பார்த்தால்தான் தெரிந்தது.

இடது ஓரத்துத் தூண்டில் தலை குனிந்தது. ராட்னி வெடுக்கென்று தூக்கினான். உள்ளங்கை அகலத்துக்குத் திலாப்பியா. முள் மேலுதட்டில் ஏறியிருந்தது. பிடுங்கினான். உதட்டோடு வந்தது.

மரியஜோசப் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"லாஜிக்கா யோசிங்க அத்தான். முள்ளு இங்க. பிள்ள சிலிபின்ல. நடுவுல என்ன, வைஃபையா?"



மரியஜோசப் தன் கனத்த மீசையை இரண்டு விரலால் ஒதுக்கிக் காட்டினார். மேலுதட்டில் ஒரு தையல் தழும்பு, மூக்குவரை ஏறியிருந்தது.

"எங்கப்பாவும் இப்படித்தான்லா கேட்டாரு. ரப்பர் மரத்துல பால் வெட்டிட்டு நேரா இதே குட்டைக்குத்தான் வருவாரு. நான் பொறந்த அன்னிக்கும் இங்கதான் இருந்தாரு."

அக்காவுக்குக் கல்யாணமானதிலிருந்து ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிடுகிற மனிதர். அந்த மீசை எதற்கு என்று ராட்னி யோசித்ததே இல்லை.

"அது மரபணு அத்தான்," என்றான். அறிவிப்புக்குரிய குரல் வரவில்லை.

"இருக்கலாம். அன்னிக்கோட அவரு மீன் சாப்பிடுறத விட்டுட்டாரு. சாகிற வரைக்கும்."

வாளியில் அந்த மீன் வாயைத் திறந்து திறந்து மூடியது.

வலப்பக்கத் தூண்டில் ஒன்று குனிந்தது. இந்த முறை ராட்னி தூக்கவில்லை. நரம்பைக் கையாலேயே மெல்லச் சேர்த்தான். மீனைத் தண்ணீருக்குள்ளேயே பிடித்து, முள்ளை வந்த வழியே பின்னுக்குத் தள்ளி, உதடு கிழியாமல் கழற்றினான். வெகுநேரம் ஆயிற்று. மீன் அவன் விரலிடுக்கில் வழுக்கிக்கொண்டு போனது.

பிறகு கத்தரியை எடுத்தான். ஓரத்திலிருந்து ஒவ்வொரு நரம்பாகத் தூக்கி, முள்ளை நறுக்கிப் போட ஆரம்பித்தான்.

"என்ன மச்சான்?"

"அடியில ஏதோ கட்டை சிக்குது."

எதுவும் சிக்கவில்லை. அந்தக் குட்டைக்கு அடி எங்கே என்றே யாருக்கும் தெரியாது.

மரியஜோசப் மோட்டாரை நிறுத்தினார். அவன் முகத்தைப் பார்க்கவில்லை. கத்தரி பிடித்த கையைத்தான் பார்த்தார். அது அடுத்த நரம்பைத் தேடிப் போனது.

"எத்தன மாசம்?" என்றார்.

ராட்னி கடைசி முள்ளையும் நறுக்கினான்.

"தெரியல அத்தான். காலேஜ்ல கூடப் படிக்கிற பிள்ள, ஷாமினி. காலையிலதான் சொன்னா."

மலைப்பக்கமிருந்து மழை தண்ணீர்மேல் நடந்து வந்தது.

"முடிச்செல்லாம் அதுக்கப்புறம்தான் போட்டேன்."