நாலு திருகாணி

கோகிலவாணியின் கையிலிருந்த திருப்புளியைப் பிடுங்கிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டார் முதலாளி சிவசுப்பு. மோட்டாரில் உரசும் நகத்தளவு கார்பன் துண்டு தேய்ந்ததற்காக முழு மிக்சியும் குப்பைக்குப் போகக் கூடாது என்று ஒன்பது மாதம் மல்லுக்கட்டி அவள் வடிவமைத்த மிக்சி, தேய்ந்த கார்பனோடு கம்பெனி கேன்டீன் மேடையில் ஓடாமல் கிடந்தது.

“எந்த ஊட்டுல அம்மிணி திருப்புளி வெச்சிருக்காங்க? பத்து நிமிசம். நம்ம துளசிமணி கழட்டி, கார்பன் மாத்தி ஓட்டீட்டா உம்பட டிசைனே இருக்கட்டும். இல்லீன்னா அடியில பசை போட்டு ஒட்டியே விப்போம். கெட்டா புதுசு வாங்கட்டும். நீ வாயே தொறக்கக் கூடாது!”

சமையல்காரி துளசிமணி மிக்சியைக் கவிழ்த்தாள். அடியில் நாலு திருகாணி. கத்தி முனையை வைத்தாள், வழுக்கியது. கரண்டிக்காம்பு நுழையவே இல்லை. நாலு நிமிடம் போய்விட்டது. கோகிலவாணி கடிகாரத்தைப் பார்த்தாள்.

“இதென்னுங்க, இந்தத் திருகாணி வாயை இத்தனை அகலமாப் பொளந்து வெச்சிருக்குது?” என்ற துளசிமணி சட்டென்று தோசைத்திருப்பியை எடுத்தாள். அதன் விளிம்பு திருகாணியின் வெட்டில் கச்சிதமாக உட்கார்ந்தது. உட்காராமல் என்ன செய்யும்? எட்டு வீட்டுத் தோசைத்திருப்பிகளை அளந்தல்லவா கோகிலவாணி அந்த வெட்டைப் போட்டிருந்தாள்!

நாலும் கழன்று, கார்பன் மாறி, ஒன்பதாவது நிமிடம் மிக்சிக்குள் தேங்காய்ச் சட்னி கர்ஜித்தது.

துளசிமணி வெற்றிக்களிப்பில் கல்லில் ஒரு தோசை ஊற்றினாள். அதற்குள் முதலாளி தோசைத்திருப்பியை எடுத்து, சட்னி ஜாரை இறக்கிவிட்டு, மிக்சியைக் கவிழ்த்துத் தானே திருக ஆரம்பித்திருந்தார்.

“ஏனுங்க, அதைக் குடுங்க, தோசை கருகுது!”

“கருகட்டும் போ” என்றார் அவர், மூன்றாவது திருகாணியிலிருந்து தலையை நிமிர்த்தாமலே.