பெரிய எழுத்து

"அக்கா, அந்தப் பெரிய போன் எப்படி இருக்கு? நானும் அதையே வாங்கிடலாமா?"

கீழ்பென்னாத்தூரில் பஸ் ஏறி உட்கார்ந்ததும் தங்கை அபிநயாவிடமிருந்து மெசேஜ்.

தமிழ்செல்விக்கு உற்சாகமாகிவிட்டது. திருவண்ணாமலையில் ஒரு தனியார் பள்ளியில் அவள் டீச்சர். புதுப் போனைப் பற்றி யாராவது கேட்க மாட்டார்களா என்று ஒரு வாரமாகக் காத்திருந்தாள். ஜன்னலோரம் சாய்ந்துகொண்டு பதில் அடித்தாள்.

'தாராளமா வாங்கு. எழுத்தை எவ்ளோ வேணும்னாலும் பெரிசு பண்ணிக்கலாம். நான் இப்ப கண்ணாடியே போடறதில்ல. சார்ஜும் நாள் முழுக்க நிக்குது.'

பஸ் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. நழுவப் பார்த்த போனை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தாள்.

'ஆனா ஒரு கையால பிடிக்க முடியல. கனம் ஜாஸ்தி. ஹேண்ட்பேக்ல வச்சா ஜிப்பு மூட மாட்டேங்குது. கீழ விழுந்தா அவ்ளோதான்.'

"போனு நல்லா அகலமா இருக்குதேம்மா!"

பக்கத்து சீட்டிலிருந்து குரல். அறுபது வயதிருக்கும் அந்த அம்மாவுக்கு. சாயம் போன புடவை. மடியில் ஒரு துணிப்பை. கிட்டே வந்தாலே தைல வாடை.

"ம்" என்று மட்டும் சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள் தமிழ்செல்வி.

கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால், அந்த அம்மாவின் கண் போன் மேலேயே இருந்தது. தமிழ்செல்வி முறைத்தாள். அந்த அம்மா சட்டென்று முன்சீட்டுக் கம்பியைப் பார்த்தாள். அடுத்த நிமிஷம் கண் மறுபடியும் போனுக்கு வந்துவிட்டது.

தமிழ்செல்வி ஹேண்ட்பேக்கை ஜன்னல் பக்கமாக நகர்த்தி வைத்துக்கொண்டாள். இதுக்கு எங்கே படிக்கத் தெரியப் போகுது என்ற தைரியத்தில் வேகமாக அடித்தாள்.

'பக்கத்துல ஒரு பொம்பள. போனையே வெறிச்சுப் பாக்குறா. ஆளைப் பாத்தா திருடி மாதிரியே இருக்கு. தைல நாத்தம் வேற, எனக்குத் தலைய வலிக்குது. எப்ப எழுந்து போவாளோ!'

'பத்திரம்க்கா. பைய விட்டுடாத' என்று பதில் வந்தது.

அடுத்த நிறுத்தம் வந்ததும் அந்த அம்மா எழுந்துவிட்டாள். ஆனால் இறங்கவில்லை. பின் படிக்கட்டுப் பக்கம் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"உன் சீட்டு காலியாத்தானே இருக்கு? போய் உக்காரும்மா" என்றார் கண்டக்டர்.

"பரவால்ல சார். கொஞ்சம் காத்தாட நிக்கறேன்."

விட்டது தொல்லை என்று தமிழ்செல்வி காலை நீட்டி உட்கார்ந்தாள். மலை கண்ணுக்குத் தெரியும்வரை நன்றாகத் தூங்கினாள்.

திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்டில் இறங்கி நாலு அடி நடந்திருப்பாள்.

"ஏம்மா, ஒரு நிமிஷம்."

அதே அம்மாதான். ஒரு காலைச் சாய்த்துச் சாய்த்து நடந்து வந்தாள். தமிழ்செல்வியின் கை தானாகப் பையை இறுக்கியது.

"என்ன வேணும்?"

"கோவிச்சுக்காதீங்க. அது என்ன போனுன்னு சொல்ல முடியுமா? எங்க வீட்டுக்காரருக்கு சுகர்ல பார்வை கம்மியாயிடுச்சு. காலையில பேப்பர் படிக்கலன்னா அவருக்குப் பொழுதே விடியாது. இப்ப வெறுமனே உக்காந்துக்கினு இருக்காரு. கடையில போய்க் கேட்டா எல்லாத்தையும் நல்ல போனுங்கறாங்க. எதை நம்பறதுன்னு தெரியல."

"இதுல எழுத்து நல்லா பெரிசாத் தெரியும்."

"தெரியுதும்மா. பக்கத்துல உக்காந்து பாத்தேனே. கண்ணாடி இல்லாமலே எனக்கு எல்லாம் தெரிஞ்சுது."



அந்த அம்மா குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "அடுத்தவங்க எழுதறதைப் படிச்சது தப்புதான். வேணும்னு படிக்கல. தைல வாசம் உங்களுக்கு ஒத்துக்கலன்னு தெரிஞ்சதும் எழுந்துட்டேன். முட்டி வலிக்குத் தேச்சது. மனசுல வச்சுக்காதீங்க."

முட்டி வலியோடு பாதி வழி நின்றுகொண்டே வந்திருக்கிறார். அவளோ காலை நீட்டித் தூங்கியிருக்கிறாள்.

தமிழ்செல்விக்குக் காது மடல்கள் சுட்டன. தைலத்தைப் பற்றி எழுதியது இரண்டாவது. அதற்கு முன்னால் எழுதியது? அதையும் படித்திருப்பாரா? கேட்கலாம் என்றால் நாக்கு எழவில்லை. மன்னிப்புக் கேட்டால், எதற்கு என்று சொல்ல வேண்டியிருக்கும். அந்த வார்த்தையை அவர் முகத்துக்கு நேரே எப்படிச் சொல்வது? வகுப்பில் பிள்ளைகள் யாரையாவது ஒரு பட்டப்பெயர் சொன்னால்கூட எழுப்பி நிற்க வைப்பவள் அவள்.

"ஐயோ, நீங்க போய்... நான்தாம்மா..."

இதையாவது ஒழுங்காகச் செய்வோம் என்று போனைத் திறந்தாள். கம்பெனிப் பெயர், மாடல் எல்லாம் இருக்கும் பக்கத்தை எடுத்து அந்த அம்மாவின் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

"இந்தாங்க, இதான் பேரு. நல்லாப் பாத்துக்கங்க."

போன் கையில் அதிர்ந்தது. மேலே, கொட்டை எழுத்தில், அபிநயாவின் மெசேஜ் வந்து நின்றது.

'அந்தத் திருடி இறங்கிட்டாளாக்கா?'

தமிழ்செல்விக்குப் போனைத் திருப்பக்கூடத் தோன்றவில்லை.

அந்த அம்மா ஒரு கணம் திரையைப் பார்த்தார். பிறகு கண்ணைச் சுருக்கி, நெற்றிக்கு மேல் கையை வைத்துக்கொண்டார்.

"வெயில் கூசுதும்மா, ஒரு எழுத்தும் தெரியல. பேரை நீங்களே வாயால சொல்லிடுங்களேன்."

இருவரும் நின்றிருந்தது பஸ் ஸ்டாண்டுக் கூரையின் நிழலில்.