பெயர் வந்ததா?

திரையில் கடைசி அரக்கன் ஒருவழியாகச் சாய்ந்தான்.

நகிசா மரத்துப்போன கட்டைவிரலை உதறிக்கொண்டாள். இரண்டு மாதமாக ஞாயிற்றுக்கிழமைதோறும் அம்மா வீட்டுக்கு வந்து இவனோடு மல்லுக்கட்டுகிறாள். நாற்பத்து மூன்று வயதுக்கு இதெல்லாம் கொஞ்சம் அதிகம்தான்.

"செத்தானா?" என்றாள் அம்மா மித்சுயே, பக்கத்தில் உட்கார்ந்து ஆரஞ்சுப் பழத்தைத் தடவித் தடவி உரித்தபடி.

"செத்தான்மா. இனிமே செஞ்சவங்க பேரெல்லாம் ஓடும்."

அம்மாவுக்கு நடுப்பார்வை போய்விட்டது. ஓரம் மட்டும் தெரியும். திரையில் வரும் எழுத்தெல்லாம் அவளுக்கு வெறும் புகை. ஆனாலும் பழைய வீடியோ விளையாட்டுகள் ஆறையும் ஒரே கட்டாகக் கட்டி மறுபடி விற்கிறார்கள் என்று வானொலியில் கேட்டதிலிருந்து, வாங்கு வாங்கு என்று நச்சரித்தது அவள்தான்.

"மூணாவதை மட்டும் முடிச்சுக் காட்டு. உங்கப்பா பேரு வருதான்னு பாரு."

வராமல் எங்கே போகும்? மூன்றாவது விளையாட்டின் கதையை எழுதியவரே அப்பா செகியா கன்ஜிதானே.

அந்தக் காலத்தில் யாருக்கும் சொந்தப் பெயர் போடமாட்டார்கள். போட்டால் ஆளைப் பக்கத்து நிறுவனம் கொத்திக்கொண்டு போய்விடும் என்று பயம். எல்லோருக்கும் புனைபெயர்தான். 'கதை: நரிக் கல்யாணம்' என்று முதல் வரியாக வரும். நகிசாவுக்கு ஏழு வயதிருக்கும்போது அப்பா அந்த வரியைக் காட்டி, "இது யாரு தெரியுமா?" என்று தன் மூக்கைத் தொட்டுக்கொண்டார்.

அன்றிலிருந்து பள்ளிக்கூடத்தில் அவள் கால் தரையில் பாவவில்லை. அப்பா ராத்திரி ராத்திரியாக வீட்டுக்கு வராததையும், பள்ளி விளையாட்டு விழா ஒன்றுக்குக்கூட எட்டிப் பார்க்காததையும் அந்த ஒரு வரிக்காகவே மன்னித்தாள். மூன்று வருடம் முன்பு அவர் போனபோது, கல்லறைக் கல்லில் அந்தப் பெயரையும் செதுக்கியே தீரவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள். சித்தப்பா முகத்தைச் சுளித்தார். அம்மா ஒன்றும் சொல்லவில்லை.

இந்த முறை புனைபெயர்களோடு சொந்தப் பெயரையும் போடுகிறார்களாம். ஊர் உலகம் இனி அப்பாவைத் தெரிந்துகொள்ளும்.

இசை மாறியது. கறுப்புத் திரையில் முதல் வரி மெல்ல ஏறி வந்தது.

'கதை: ஹமகுச்சி தெத்சுரோ.' பக்கத்தில் சின்ன எழுத்தில், 'நரிக் கல்யாணம்'.

நகிசா இரண்டாவது முறையும் படித்தாள். எழுத்து மாறவில்லை.

இத்தனை வருடமாக ஊரெல்லாம் பீற்றிக்கொண்டு திரிந்ததை நினைக்க முகம் எரிந்தது. யாரோ ஒருவன் பெயரைச் சுமந்துகொண்டு மழையில் நிற்கிறது அந்தக் கல். அப்பா எதிரில் இருந்திருந்தால் சட்டையைப் பிடித்திருப்பாள்.

அம்மாவுக்குத் தெரியக்கூடாது. அது ஒன்றுதான் அப்போது தோன்றியது. அவளாவது நிம்மதியாக இருக்கட்டும்.

பழசுக்கு இல்லாத வசதி ஒன்று இந்தப் புதுசில் உண்டு. ஒரு பொத்தானை அழுத்திப் பிடித்தால் திரையில் எல்லாம் நாலு மடங்கு வேகத்தில் ஓடும். நகிசா அழுத்திப் பிடித்தாள். பாட்டு மட்டும் தன்பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்க, பெயர்கள் இடித்துத் தள்ளிக்கொண்டு மேலே பறந்தன. அவள் ஒன்றையும் படிக்கவில்லை. படிக்கப் பிடிக்கவுமில்லை.

திரையில் 'முற்றும்' என்று வந்தது.

"அப்பா பேரு வந்துச்சா?"

"வந்துச்சும்மா. முதல் பேரே அப்பாதான். கதை, செகியா கன்ஜின்னு பளிச்சுன்னு போட்டிருக்கான்."

அம்மாவின் கை பழத்திலேயே நின்றது.

"கதைக்கு வரவேண்டியது ஹமகுச்சி பேருடி."

நகிசா திரையை விட்டு அம்மா பக்கம் திரும்பினாள்.

"உங்கப்பாவுக்குக் கதை எழுதவா தெரியும்? புத்தாண்டு அட்டையில ரெண்டு வரி எழுதணும்னாலே என்கிட்டதான் வந்து நிப்பார். அவருக்கு வேலை கீழ்த்தளத்துல. விளையாட்டுல வர்ற பொம்மையை நடக்க விட்டு ஒவ்வொரு சுவரா முட்ட வெச்சுப் பார்க்கணும், எங்கயாவது ஓட்டை இருக்கான்னு. மூணு வருஷம் ராத்திரி பூரா முட்டினார் மனுஷன்."

"நீ ஏம்மா எங்கிட்ட சொல்லலை?"

"சின்னப் புள்ளை முன்னாடி ஏதோ வாயில வந்துடுச்சு அவருக்கு. நீயும் அந்தக் குதி குதிச்சே. அப்புறம் உண்மையைச் சொல்ல ரெண்டு பேருக்குமே தைரியம் இல்லை. பாவம், ஹமகுச்சிகூட போன வருஷம் கல்லறைக்கு வந்தார். கல்லைப் படிச்சார். ஒரு வார்த்தை கேக்கலையே. தண்ணி ஊத்திக் கும்பிட்டுட்டுப் போனார்."

கோபம் போன இடம் தெரியவில்லை. நகிசாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"கீழ்த்தளத்து ஆளுங்களுக்கு அப்போ புனைபெயர்கூடப் போடலை. அதைத்தான் அவர் சாகற வரைக்கும் சொல்லிச் சொல்லி மாஞ்சார். இந்தத் தடவை ஒருத்தர் விடாம, சுவர்ல முட்டினவங்க வரைக்கும் போட்டிருக்கோம்னு ரேடியோல சொன்னான். கடைசியில வருமாம்."

அம்மா திரை இருக்கும் பக்கம் முகத்தைச் சாய்த்து, ஓரப்பார்வைக்கு ஏதாவது அகப்படுமா என்று பார்த்தாள்.

"கடைசியில இருந்தாராடி?"

நகிசா பொத்தானிலிருந்து விரலை எடுத்தாள்.

"தெரியலைம்மா" என்றாள். "வேகமா ஓட்டிட்டேன்."