பாறைமேல் ஓர் ஆள்

"பிப்ரவரி 9, 2058. இன்று லென்ஸ் மூடியைக் கழற்றாமலேயே படமெடுத்துவிட்டேன்."

மாலைப் புகைப்பட வகுப்புக் குறிப்பேட்டில் நறுமுகை தவறைத்தான் முதலில் எழுதுவாள். எழுதிவிட்டுக் கேமராத் திரையைப் பார்த்தாள். கொல்லிமலை முகட்டின்மேல் பால்வீதி பளிச்சென்று பதிந்திருந்தது. விட்டுப்போனதைப் பழைய படங்களை வைத்துக் கேமராவே நிரப்பிக்கொள்ளும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் கிழக்குப் பாறைமேல் அண்ணன் பொன்னரசும் நின்றிருந்தான்.

மலையின் உயரம் தெரிவதற்காக, அவள் எடுக்கும் படங்களில் இரண்டு வருடமாக அவன்தான் அங்கே நின்றுகொடுப்பான். அவன் காணாமல்போய் ஐந்து நாளாகிறது. முந்தாநாள் எடுத்த படத்திலும் அதே பாறையில் நின்றான். அதை நம்பித்தான் வனக்காவலர்கள் கிழக்குச் சரிவையே சல்லடை போட்டுச் சலித்துக்கொண்டிருந்தார்கள்.

"அம்மா, அண்ணன் அந்தப் பாறையில நிக்கவே இல்லம்மா. கேமராவே போட்டிருக்கு."

"பேசாம இரு புள்ள. நீதான காட்டுன? அவன் சிரிக்கிறதுகூடத் தெரியுது. அந்தப் படத்தப் பாத்துத்தான் ஒரு வாய் சோறு திங்கிறேன்."

அந்த இருட்டில் யாருடைய சிரிப்பும் தெரியாது என்பதை நறுமுகை அம்மாவிடம் சொல்லவில்லை. குறிப்பேட்டில் எழுதினாள்:

"நாளை விடிந்ததும், தேடப் புறப்படுமுன் வனக்காவலரைப் பார்த்து, என் படம் பொய் என்று சொல்ல வேண்டும். இதுவரை யாரும் தேடாத மேற்குச் சரிவில் தேடச் சொல்ல வேண்டும்."