பழைய பாஸ்வேர்ட்

ஜன்னலுக்கு வெளியே இன்னும் ஓலை மூடாத உப்புக்குவியல்களின் மேல் மதிய வெயில் அடிக்கிறது. அந்த வெள்ளை, உப்பு வியாபாரியின் அலுவலகத்துக் கம்ப்யூட்டர் திரைவரை வந்து கண்ணைக் கூசவைக்கிறது. கணக்குப் பார்க்கும் சைபுன்னிசா கையால் நிழல் பிடித்துப் பார்க்கிறாள். புதிய பாஸ்வேர்டைக் கம்ப்யூட்டர் மறுபடியும் ஏற்கவில்லை. ஆரோவில்லிலிருந்து லினக்ஸ் போட்டுத்தர வந்திருக்கும் வினோதினி நகத்தைக் கடிக்கிறாள். மெஷின் எப்படி இருக்க வேண்டுமென்று ஒரே ஃபைலில் எழுதிவிட்டால் அப்படியே மாறிவிடும் என்று காலையில் சொன்னவள் அவள்தான். ஃபைலில் புதிய பாஸ்வேர்ட்தான் இருக்கிறது. “புதுசா சேர்க்கிற ஆளுக்குத்தான்க்கா ஃபைல்ல இருக்கிறத எடுத்துக்குது. ஏற்கெனவே இருக்கிறவங்களுக்குப் பழசையே வச்சிருக்குது. பழசைப் போட்டு உள்ள போங்க, அப்புறம் மாத்திடலாம்,” என்கிறாள். “அதைப் போடாம முடியாதாம்மா?” “இந்த ஒரு வாட்டிதான்க்கா.”

அடுத்தவர் பாஸ்வேர்ட் அடிக்கும்போது பார்க்கக் கூடாது என்பதால் வினோதினி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறாள். சைபுன்னிசாவுக்கு நிச்சயித்திருந்த, துபாயிலிருக்கும் தாஜுதீன், நிக்காஹ் வேண்டாமென்று போன மாதம் சொல்லியனுப்பினான். பழைய பாஸ்வேர்ட் அவன் பெயர். மின்விசிறிக் காற்றில் பில்கள் படபடக்கின்றன. சைபுன்னிசா துப்பட்டாவை இழுத்துவிட்டுக்கொண்டு ஒவ்வோர் எழுத்தாக அழுத்துகிறாள். திரை காலியாகவே இருக்கிறது. “ஒண்ணுமே விழலியேம்மா.” “வெளிய தெரியாதுக்கா,” என்கிறாள் வினோதினி, திரும்பாமலே. “நீங்க அடிங்க, உள்ள போவுது.” சைபுன்னிசா கடைசி எழுத்தையும் அழுத்துகிறாள்.