கொய்யா மரம் ஏறிய ஜோசியக் கிளி

சாலையோரக் கொய்யா மரத்தடியில் ஒரு ஜோசியக் கிளி வேலை பார்த்தது. "ரோஜா, அம்மா பேருக்கு ஒரு சீட்டு எடு" என்று ஜோசியர் சொன்னால் கூண்டை விட்டு வரும். சீட்டுகளை ஒவ்வொன்றாகத் தள்ளிவிட்டு ஒன்றை மட்டும் எடுத்து நீட்டும். கூலியாக ஒரு நெல்லை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விடும்.

"இவ்வளவுக்கும் ஒரே ஒரு நெல்லுதானா?" என்று மரத்திலிருந்த அணில் கேட்டது.

"தினமும் தவறாம கிடைக்குதே! உன்னை மாதிரி நாயா அலையணுமா?" என்றது கிளி.

"அலைஞ்சது போக மிச்ச நேரம் என்னோடது. ஓடுவேன், வெயில் காய்வேன், சும்மா கிடப்பேன். உனக்கு?"

அன்று முழுக்கக் கிளிக்கு இருப்புக்கொள்ளவில்லை. கதவைத் திறந்ததும், கூப்பிடும் முன்பே வெளியே வந்து திட்டு வாங்கியது.

மறுநாள் ஜோசியர் கூண்டைச் சாத்த மறந்துவிட்டு டீ குடிக்கப் போனார். சிறகை வெட்டியும் நாளாகியிருந்தது. கிளி விருட்டென்று பறந்துபோய் அணிலின் பக்கத்தில் உட்கார்ந்தது. சுற்றிலும் பழுத்த கொய்யா.

"வேணுங்கிறதைத் தின்னு. இனிமே எல்லாம் உன் நேரம்தான்" என்றது அணில்.

கிளி கிளையில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நடந்தது. பிறகு ஓர் இலையைக் கிள்ளிக் கீழே போட்டது. இன்னொன்றையும் கிள்ளிப் போட்டது. அடுத்த இலையை மட்டும் போடாமல் அணிலிடம் நீட்டியது.

"இது எனக்கு எதுக்கு?" என்றது அணில்.

கிளி தலையைச் சாய்த்து, அணிலின் வெறுங்கையையே பார்த்துக்கொண்டிருந்தது.