பாவமே இல்லாத பாட்டு

“அப்பா, ஒங்க பாட்டுல பாவமே இல்லையாமே. நல்லதுதானே?” பத்திரிகை விமர்சனத்தை எழுத்துக்கூட்டிப் படித்த மகள் அன்று ஒத்திகையில் கேட்டாள்.

விமர்சகர் இல்லையென்றது உணர்ச்சியை. ராக் குழுவே விழுந்து விழுந்து சிரித்தது. பாடகன் கிரிதரனுக்குச் சிரிப்பு வரவில்லை.

மதுரையில் எந்த மேடையேறினாலும் கூட்டம் அதைத்தான் கேட்டது. மனிதன் செய்யும் பாவங்களைப் பற்றிய பாட்டு. பாடும்போதெல்லாம் அவனுக்குக் குற்றவாளிக் கூண்டில் நிற்பதுபோல் இருந்தது. இப்போது கேசட் வேறு வரப்போகிறது.

“அட்டையில ஒங்க பேரு! எம்புட்டுப் பெருமைண்ணே!” என்றான் டிரம்ஸ் அடிக்கும் தங்கப்பாண்டி.

“ஒனக்கென்னடா அம்புட்டுச் சந்தோஷம்?”

“ஒங்க பேரு வந்தா எம் பேரு வந்த மாதிரிண்ணே.”

அட்டை அச்சகத்துக்குப் போகுமுன், யாருமில்லாத அறையில், ‘இசை’ என்பதற்கு எதிரே இருந்த தன் பெயரைக் கிரிதரன் கோடு போட்டு அடித்தான். டீக்கடையில் அந்த மெட்டை முதன்முதலில் முணுமுணுத்தவனின் பெயரை எழுதினான்: தங்கப்பாண்டி.